மாரப்ப மேஸ்திரியின் உளி சறுக்கவில்லை

செம்மேட்டில் சந்தை கூடியிருந்த காலையில் செய்தி வந்தது. எங்கள் மலையின் குண்டூர் நாட்டைச் சேர்ந்த சடையன் மிளகுச் சாக்கைப் பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கி வைத்தார். வந்ததும் தண்ணீர் கேட்பது அவர் வழக்கம். அன்று கேட்கவில்லை.

"மேஸ்திரி போயிட்டாருங்க, டீச்சரம்மா. கீழ இருந்து வந்த உப்பு யாவாரி சொன்னானுங்க. போயி பத்து நாளாச்சாம்."

உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தேன். சடையன் சாக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"இனிமே சொல்லிப்போடலாமுங்களா?"

"சொன்னால் உங்களுக்கு ஒன்றும் வராதா?"

"என்னங்க வரும்? இன்னொரு வளைவு கட்டச் சொல்லுவாங்களா? கட்டிட்டாப் போவுது. அதுல எழுதறதுக்குத்தான் ஆளு இல்ல." சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தைத் துடைத்தார். முகத்தில் வியர்வை இல்லை.

கல்தச்சர் மாரப்ப மேஸ்திரி எங்கள் இரண்டு பேரிடமும் ஒரு வாக்கு வாங்கியிருந்தார். தாம் இருக்கும் வரை ஓர் உண்மையை வெளியே சொல்லக் கூடாது என்பதுதான் அது. அவர் இப்போது இல்லை. நான் சொல்லாமலே இருந்துவிட்டிருக்கவும் கூடும். என் இயல்பு அப்படி. ஆனால் அடுத்த வாரம் அடிவாரத்திலிருந்து ஒரு பத்திரிகையும் ஒரு கடிதமும் வந்து சேர்ந்தன. இரண்டையும் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

பத்திரிகை யுத்தகாலக் காகிதத் தட்டுப்பாட்டில் நான்கு பக்கமாகச் சுருங்கியிருந்தது. அதிலும் மேஸ்திரிக்கு ஆறு வரி கிடைத்திருந்தது. சோளக்காடு ஊரில் பெரிய துரையின் வருகைக்காக ரோமாபுரி பாணியில் வளைவு கட்டியவர் என்றது அது. எழுதப் படிக்கத் தெரியாததால் அந்தக் கல்வெட்டில் "ஓரெழுத்துப் பிழை" செய்து எல்லாரையும் சிரிக்க வைத்தவர் என்றது. வெள்ளை மனத்தவர் என்று முடித்தது.

கடிதம் அவர் ஊரில் இரங்கல் கூட்டம் நடத்திய பெரியவர்கள் எழுதியது. அந்தக் கூட்டத்திலும் இந்த வேடிக்கையைச் சொல்லிச் சிரித்தார்களாம். மேஸ்திரிக்கு ஒரு நினைவுக்கல் நடப் போகிறார்களாம். அதில் வெட்ட வேண்டிய வாசகத்தையும் எழுதியிருந்தார்கள்: "எழுத்தறியாராயினும் கல்லறிந்த மாரப்ப மேஸ்திரி." அடியில் ஒரு வேண்டுகோள்: "தாங்கள் ஆசிரியை ஆகையால், பிழை ஏதும் இருப்பின் திருத்தி அனுப்பவும்."

பிழை இருக்கிறது. திருத்துகிறேன்.

அவரோடு வேலை செய்தவர்களும், அவர் கொத்திய அம்மியில் அரைத்தவர்களும், இரங்கல் கூட்டத்தில் அந்த வேடிக்கையைக் கேட்டுச் சிரித்தவர்களும் இதைப் படிக்க வேண்டும். மாரப்பனுக்கு எழுத்துத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவரை நான் முதலில் பார்த்ததே ஓர் எழுத்தின் காரணமாகத்தான். இந்த மலைக்கு ஆசிரியையாக வந்த புதிதில், பள்ளிக்கூடத்துக்கு நானே ஒரு பலகை எழுதி மாட்டியிருந்தேன். ஒருநாள் மத்தியானம், தோளில் உளிப்பையோடு ஒருவர் அதன் முன்னால் தலையைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். நெடிய உருவம், நரைத்த மீசை. என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"ஒரு 'ப்' வேணுமுங்க" என்றார்.

"என்ன?"

"'ஆரம்ப பாடசாலை'ன்னு எழுதியிருக்குதுங்க. நடுவுல ஒரு 'ப்' போடோணும். எடம் இருக்குது. சுண்ணாம்பு இருந்தா நானே போட்டுர்றேன்."

எனக்கு முகம் சுட்டது. சுண்ணாம்பு கொண்டுவந்து கொடுத்தேன். அவர் சுண்டுவிரலால் அந்த ஒற்றை வைத்தார். அது இன்றும் அந்தப் பலகையில் இருக்கிறது. மற்ற எழுத்துகளைவிட அழகாக இருக்கிறது. எழுத்தறியாதவர் என்று எழுதியவர்கள் ஏறி வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அன்று அவர் வந்தது பலகைக்காக அல்ல. ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஒரு படம் அவரிடம் இருந்தது. பெரிய துரை மலைக்கு வரப்போவதால் ஏற்பாடுகளைக் கவனிக்க ஒரு முகாம் அதிகாரி முன்கூட்டியே வந்து கூடாரம் அடித்திருந்தார். நம்மவர்தான், படித்தவர். அந்தப் படத்தைக் கொடுத்து, அடிவாரப் பாதை மலை மேல் ஏறிச் சேருகிற சோளக்காட்டில் இதே மாதிரி ஒரு கல்வளைவு வேண்டும் என்றாராம். படத்தின் கீழே இருந்த ஆங்கிலத்துக்கு அர்த்தம் கேட்கத்தான் மேஸ்திரி என்னிடம் வந்தார்.

ரோமாபுரியில் ஒரு சக்கரவர்த்தி எழுப்பிய வெற்றி வளைவு அது. அதே வளைவு என்னிடமிருந்த ஒரு புத்தகத்திலும் இருந்தது. ரோமானியக் கட்டடங்களைப் பற்றிய பெரிய படப்புத்தகம். இங்கே வரும்போது துணிகளைக் குறைத்துக்கொண்டு அதைப் பெட்டியில் வைத்தேன். வாசற்படியில் விரித்தேன். மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார்.

அவர் பார்த்த விதம் எனக்குப் புதிது. நான் அந்த வளைவுகளை அழகு என்று பார்த்தவள். அவர் அடியிலிருந்து பார்த்தார். தூண்களின் பீடத்தில், கை பின்னால் கட்டப்பட்டுக் குனிந்திருந்த உருவங்களில் அவர் விரல் நின்றது.

"இவிங்க ஆருங்க?"

"சண்டையில் தோற்றவர்கள். வேறு நாட்டுக்காரர்கள்."

"தோத்தவங்கள எதுக்குங்க வளைவுல வெக்கறது?"

"ஜெயித்தவர் உயரமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இருக்கும்."

"அப்ப அந்த வளைவு இவிங்க முதுகு மேலதானுங்க நிக்குது" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினார்.

இன்னொரு வளைவின் உட்சுவரில், எருசலேம் கோயிலைக் கொள்ளையடித்த சிப்பாய்கள் அங்கிருந்த பெரிய விளக்கைத் தோளில் சுமந்து போகிறார்கள். கொள்ளையை யாராவது கல்லில் வெட்டி ஊர் நடுவில் வைப்பார்களா என்று கேட்டேன். "திருடுனவன் ஒளிச்சு வெப்பானுங்க. ராசா வெட்டி வெப்பாரு" என்றார். பழைய அரசன் சிலையில் தலையை மட்டும் செதுக்கி மாற்றிப் புது அரசனாக்கிய படம் வந்தபோது அவருக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. "நல்ல வேலையா இருக்குதே! நம்ம தொரைக்கும் தலையக் கழட்டி மாட்டற மாதிரியே செஞ்சரலாம். அடுத்த தொரை வந்தா சுளுவா இருக்கும்."

புத்தகத்தில் அவரை அதிக நேரம் நிறுத்திய படத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை. ஒரு வளைவின் நெற்றியில் நீண்ட கல்வெட்டு. அதில் ஒரு வரி செதுக்கி எடுக்கப்பட்டு வேறு சொற்கள் வெட்டப்பட்டிருந்தன. அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து ஆண்டார்கள், அண்ணன் தம்பியைக் கொன்றான், பிறகு எல்லாக் கல்லிலிருந்தும் தம்பியின் பெயரை எடுக்கச் சொன்னான் என்று அடியில் எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னேன்.

"இந்த மாதிரி ஒண்ணை நான் தொட்டிருக்கேனுங்க" என்றார்.

முதல் யுத்தத்தில் பாலம் போடும் படையில் சேர்ந்து பாலஸ்தீனத்துக்கு அப்பால் போயிருக்கிறார். பாலைவனத்தில் இடிந்த வாசல் ஒன்று, மேலே கல்வெட்டு. சாரம் கட்டி ஏறியபோது ஒரு வரி மட்டும் குழிந்திருந்ததாம். "கைய வெச்சுத் தடவிப் பாத்தேனுங்க. பேரு இல்ல. பள்ளம் இருந்துச்சு. மத்த வரியெல்லாம் அப்பிடியே இருந்துச்சு. அதையெல்லாம் ஆரு பாத்தா? அந்தப் பள்ளத்தத்தான் எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பாத்தோம்."

அந்தப் படையில் எழுதத் தெரியாத சிப்பாய்களுக்கெல்லாம் வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். இதை அவராகச் சொல்லவில்லை. அவரோடு போய் வந்த ஒருவர் பின்னால் சொன்னார்.

வளைவு வேலை தொடங்கியது. முகாம் அதிகாரிக்கு ரோமாபுரி மேல் பெரிய பக்தி. "இது வெறும் வாசல் இல்லை, மேஸ்திரி. இதற்குள் நுழைந்து வருகிறவர்தான் ஆளுகிறவர் என்று பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும்" என்று விளக்கினார். அப்போது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"நொழையாம சுத்தி வந்தா, சாமி?"

"யார் சுற்றி வருவார்கள்?"

"ஆடு, மாடுங்க."

அதிகாரிக்குக் கோபப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. மேஸ்திரியின் முகத்தில் ஒன்றும் இருக்காது. அவரை அறிந்தவர்களுக்கு அந்த முகம் நினைவிருக்கும்.

வளைவின் இரண்டு பக்கமும் மலைவாசிகள் மண்டியிட்டு, தேனும் பலாவும் மிளகும் துரைக்குக் காணிக்கை வைப்பதுபோல உருவங்கள் வேண்டும் என்றார் அதிகாரி. மேஸ்திரி கல்லைத் தட்டிப் பார்த்தார்; காதை வைத்துக் கேட்டார்; தலையை ஆட்டினார்.

"இந்த மலைக் கல்லுல முட்டி வராதுங்க சாமி."

"வராது என்றால்?"

"ஒடைஞ்சு போகுமுங்க. நிக்கிற ஆளு வரும். நடக்கிற ஆளு வரும். முட்டி மட்டும் வராது. கல்லு அப்பிடி."

அதிகாரி நம்பினார். தலையில் சுமையோடு நிமிர்ந்து நடக்கிற எட்டுப் பேரை மேஸ்திரி செதுக்கினார். யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. அவர்கள் கல் சுமந்து போகிறார்கள் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. கல்லின் மேலும் உளியின் மேலும் பழியைப் போட்டுவிட்டுத் தம் மனசுப்படி செய்வது அவர் வழி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கல்லைச் சுமந்தவர்கள் யார்? குண்டூர் நாட்டில் வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. கூலி கிடையாது. இதற்கு மலையில் 'வெட்டி' என்று பெயர். நாம் வீண் என்ற அர்த்தத்தில் சொல்லும் அதே சொல்தான். இங்கே அது கூலியில்லாமல் பிடித்துச் செய்விக்கிற வேலையின் பெயர். "எங்க போறே?" என்றால் "வெட்டிக்கு" என்பார்கள். மேலே கேட்க மாட்டார்கள்.

அது சாமை முற்றியிருந்த நேரம். சாமை காத்திருக்காது, அறுக்காவிட்டால் உதிர்ந்துவிடும். சடையனை நான் அறிந்தது வளைவு கட்டிய இடத்தில்தான். கல்லை இறக்கி வைத்துவிட்டு மேஸ்திரியிடம் கேட்டார்: "ஏனுங் மேஸ்திரி, தொரை இதுக்குள்ள பூந்து வந்தா ஒசந்துருவாருங்களா?"

"தொப்பி ஒசரும்."

"எங்க காட்டுல குருவியெல்லாம் ஒசந்து போச்சுங்க. தின்னு தின்னு பறக்க முடியாம நடக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் சடையனின் மனைவி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. மணி உதிர்ந்து வெறும் தாளாய்ப் போன சாமைக் கதிர்களை ஒரு கைப்பிடி கொண்டுவந்து, கொத்தி முடித்த கல்லின் மேல் வைத்தாள். "இதையுஞ் சேத்து வெச்சுக் கட்டிருங்க, சாமி" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டுப் போனாள். அதிகாரி என்ன செய்தார் தெரியுமா? குமாஸ்தாவைக் கூப்பிட்டு, மலைவாசிப் பெண்கள் வளைவுக்குத் தானியக் கதிர் சாத்தி வணங்கினார்கள் என்று குறித்துக்கொள்ளச் சொன்னார். நெற்றி சுருங்காமல் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். பொய் சொல்கிறவனோடு வாதாடலாம். கண் முன் நடப்பதை அப்படிப் பார்க்கப் பழகிவிட்டவனோடு என்ன பேசுவது?

கல்வெட்டு வாசகம் முகாமிலிருந்து வந்தது. கடைசி வரி இது: "குண்டூர் நாட்டார் அன்புடன் வெட்டிக் கட்டியது." கல்லை வெட்டிக் கட்டினார்கள் என்று அர்த்தம். பெரிய தாளில் திருத்தமாக எழுதிக் கொடுக்க என்னைச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். 'அன்புடன்' என்ற சொல்லை எழுதும்போது பேனா நின்றது, பிறகு எழுதிவிட்டேன். அரசாங்கப் பள்ளிக்கூடம், அரசாங்கச் சம்பளம்.

மேஸ்திரி தாளை வாங்கி அந்த வரியை மெதுவாக வாய்க்குள் படித்தார். "இத ஆரு எழுதுனாங்க?"

"முகாமிலிருந்து வந்தது."

"'வெட்டி'ன்னு அவிங்களே எழுதிட்டாங்க பாருங்க" என்றார். பிறகு எழுத்துகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடலாம் என்று என்னிடம் கேட்டார். வரியை நெருக்கினால் கடைசியில் இரண்டு எழுத்துக்கு இடம் மிஞ்சுகிறது என்றார். மிஞ்சட்டுமே என்றேன். "மிஞ்சறத வீணாக்கக் கூடாதுங்க, டீச்சரம்மா." எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

துரை வந்த நாளில் வளைவின் நெற்றியில் பட்டுத்துணி கட்டியிருந்தார்கள். துரையை டோலியில் தூக்கி வந்தார்கள், அதுவும் வெட்டிதான். இறங்கி, நடந்து வளைவுக்குள் நுழைந்து நின்றார். துணியை இழுத்தார்கள். குமாஸ்தா உரத்த குரலில் படித்தார். படிக்கிற வேகத்தில் யோசிக்கவில்லை.

"குண்டூர் நாட்டார் அன்புடன் வெட்டிக்குக் கட்டியது!"

கூட்டத்தின் பின்னாலிருந்து சடையனின் குரல்: "சரியாத்தானுங்க படிச்சாரு!" மலை முழுக்கச் சிரித்தது. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். டோலி தூக்கிகள் டோலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

துரை திரும்பி, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். முகாம் அதிகாரியின் முகம் வெளுத்திருந்தது. "சந்தோஷம், பிரபு. தங்களைக் கண்ட சந்தோஷம்" என்றார். துரை தொப்பியை எடுத்து அந்தச் சிரிப்புக்கு வணக்கம் செலுத்தினார்.

மறுநாள் விசாரணை. கூடாரத்துக்கு மேஸ்திரியையும் என்னையும் சடையனையும் அழைத்தார்கள். மேசை மேல் நான் எழுதிய தாள் விரித்திருந்தது. அதிகாரி என்னைப் பார்த்து ஆரம்பித்தார். எழுதிக் கொடுத்தது நான். எனக்கும் இதில் பங்கு உண்டா? குண்டூர் நாட்டார் சொல்லிக் கொடுத்து நடந்ததா? அப்படியானால் ஊரையே பிடித்து விசாரிக்க வேண்டியிருக்கும். வாயைத் திறந்தேன். அதற்கு முன் மேஸ்திரி பேசிவிட்டார்.

"அம்மா சரியாத்தான் எழுதிக் குடுத்தாங்க, சாமி. எனக்குத்தான் எழுத்துத் தெரியாது. கோலத்தப் பாத்துக் கோலம் போடற மாதிரி வெட்டுனேன். உளி சறுக்கிருச்சு."

"எழுத்தே தெரியாதா?"

"தெரியாதுங்க."

"தற்குறியைக் கொண்டுவந்து கல்வெட்டு வெட்டச் சொன்னது என் புத்தி" என்று அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். குமாஸ்தா வாக்குமூலம் எழுதினார். கீழே 'மாரப்பன், தற்குறி' என்று எழுதி மைப்பெட்டியை நகர்த்தினார். ஒரு படைக்கே கடிதம் எழுதிக் கொடுத்த மனிதர் இடது கையை நீட்டினார். குமாஸ்தா அவர் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, தாளில் உருட்டினார். மேஸ்திரி விரலைத் தம் தலைமயிரில் துடைத்துக்கொண்டார். என் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பேசாதே என்றது அந்தப் பார்வை. நான் பேசவில்லை. என் வேலை தப்பியது.

இப்போது பேசுகிறேன். பத்திரிகைக்காரர்களே, "ஓரெழுத்துப் பிழை" என்று எழுதினீர்கள். எண்ணக்கூட உங்களுக்குத் தெரியவில்லை. "வெட்டிக் கட்டியது" என்பது "வெட்டிக்குக் கட்டியது" ஆவதற்கு 'கு' ஒன்று போதாது. அதன் பின்னால் 'க்' ஒன்றும் வேண்டும். மேஸ்திரி இரண்டையும் வெட்டியிருந்தார். எழுத்தறியாதவன் உளி சறுக்கி ஒரு 'கு' விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதைத் தொடர்ந்து வர வேண்டிய ஒற்று, வர வேண்டிய இடத்தில், எப்படி வந்து உட்கார்ந்தது? எந்த உளி இலக்கணம் பார்த்துச் சறுக்கும்? என் பலகையில் 'ப்' இல்லை என்று கண்டுபிடித்தவர், தாம் செய்த 'பிழை'யிலும் ஓர் ஒற்றை விட்டுவிட மனமில்லாமல் வெட்டினார். விசாரணை செய்த அதிகாரி தமிழர், குமாஸ்தா தமிழர், செய்தி எழுதியவர் தமிழர். ஒருவருக்கும் இது கண்ணில் படவில்லை. கல்தச்சனுக்கு எழுத்துத் தெரிந்திருக்கும் என்று நினைப்பதைவிட, தெரியாது என்று நம்புவது அவர்களுக்கு அத்தனை எளிதாக இருந்திருக்கிறது.

அந்த வரியை அவரையே செதுக்கி எடுக்கச் சொன்னார்கள். சாரத்தின் மேல் அவர் வேலை செய்துகொண்டிருந்தபோது நானும் சடையனும் கீழே நின்றோம். மேலாக உரசி எடுத்திருந்தாலே போதும். அவர் நான்கு விரற்கடை ஆழத்துக்கு, மூலை மட்டம் பிசகாமல், ஒரு நீண்ட பள்ளம் எடுத்தார்.

"இத்தனை ஆழம் எதற்கு?" என்றேன்.

"தொடறதுக்கு" என்றார்.

இறங்கி வந்த பிறகுதான் அந்த வாக்கை வாங்கினார். "நான் இருக்கிற மட்டும் இது பிழையாவே இருக்கட்டுமுங்க. வேணும்னு செஞ்சதுன்னு ஆச்சுன்னா, ஆரு சொல்லிக் குடுத்ததுன்னு கேப்பாங்க. சடையன் ஊட்டுக் கதவத் தட்டுவாங்க. உங்க வேலையும் போகும். எனக்கு என்னங்க, தற்குறின்னு ஒரு பேரு. இருந்துட்டுப் போகட்டும்."

அவருக்கு என்ன போயிற்று என்று நான் பிற்பாடு கண்டேன். அடிவாரத்து ஊர்களில் கிணற்றுக்கல், கோயில் படிக்கல், நினைவுக்கல் என்று எழுத்து வெட்டிப் பிழைத்தவர் அவர். வளைவுக் கதை பரவியதும், எழுத்து வேலைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. வெட்டுகிற கல்லில் ஊர் சிரிக்கும்படி ஆகிவிட்டால்? கடைசி ஆண்டுகளில் வீடு வீடாகப் போய் அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்தினார். செம்மேட்டுச் சந்தைக்கும் வருவார். ஒருநாள் எங்கள் அம்மியைக் கொத்திக்கொண்டே சொன்னார்: "இந்த வேலைல பிழையே வராதுங்க, டீச்சரம்மா. எழுத்தே கெடையாது. எல்லாம் புள்ளிதான்."

சிரித்தேன். அவர் சிரிக்க வைத்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. அவர் போன பிறகு அந்த அம்மியில் கையை வைத்துக்கொண்டு அழுதேன்.

அந்தப் பள்ளத்தில் அதிகாரிகள் சுண்ணாம்புக் காரை பூசினார்கள். அடுத்த மழையில் விழுந்தது. மறுபடி பூசினார்கள், மறுபடி விழுந்தது. துரை மாறிப் போனார், முகாம் அதிகாரியும் மாறிப் போனார். சோளக்காட்டில் அந்த இடத்துக்கு இப்போது ஒரே பெயர்தான்: வெட்டி வளைவு. சந்தைக்குப் போகிறவர்கள் அதற்குள் நுழைவதில்லை. ஆடுமாடு போலச் சுற்றித்தான் போகிறார்கள். இளவட்டங்கள் மட்டும் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி அந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள். என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், கல்லில் இல்லாத அந்த வரியை ஒற்றுப் பிசகாமல் சொல்கிறார்கள்.

நினைவுக்கல் நாட்டும் பெரியவர்களே, உங்கள் வாசகத்தில் எழுத்துப் பிழை இல்லை. ஆனால் அந்த ஒரு வரியை வெட்டினால், வாழ்நாளெல்லாம் அவர் எங்களுக்காகச் சுமந்த பொய்யை அவர் தலைமாட்டிலும் நட்டுவைப்பீர்கள். மண்டியிட்ட உருவம் ஒன்றைக்கூடச் செதுக்க மறுத்தவரை அவர் கல்லிலேயே மண்டியிட வைப்பீர்கள். அதை வெட்டாதீர்கள்.

வேறு வாசகம் என்னிடம் இருக்கிறது. வளைவு வேலை முடியும் வரை படப்புத்தகம் அவரிடம்தான் இருந்தது. விசாரணைக்கு மறுநாள் திருப்பிக் கொடுத்தார். பல மாதம் கழித்து அதைத் திறந்தபோது, ரோமாபுரி வளைவின் படத்துக்குக் கீழே, ஓரத்தில், பென்சிலால் எழுதிய ஒரு வரியைக் கண்டேன். புத்தகம் முழுக்கச் சக்கரவர்த்திகளின் பெயர் இருந்தது; அவர் தேடியது வேறு பெயர் போலும். கல்லில் வெட்டியது போன்ற நேரான, நிதானமான எழுத்து. கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். தற்குறி என்று விரலை உருட்டிக் கொடுத்த மறுநாள், தமக்கு எழுத்துத் தெரியும் என்பதை ஒரே ஒருத்தியிடம் எழுத்திலேயே கொடுத்து வைத்திருந்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஓரம்தான். புத்தகத்தைக் கொடுக்க மாட்டேன். அந்த வரியின் மேல் மெல்லிய தாளை வைத்து எழுத்துக்கு எழுத்து வரைந்து, சடையனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வெட்டுகிறவர் அதன்மேல் உளியை ஓட்டினால் போதும். எழுத்து அவருடையதாகவே இருக்கும். ஒன்றும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம், யாரும் திருத்தவும் வேண்டாம்.

"கட்டினவன் பேரைக் காணோம். மாரப்பன்."